வயிறு, ஈரல் கோளாறுகளில் டாக்டர் எப்படி முடிவெடுக்கிறார்? வடசென்னையிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

‘கேஸ்’ என்று சொல்லி வந்தவருக்கு ஈ.சி.ஜி எழுதிக் கொடுத்தால் கூட வந்தவரின் முகம் மாறிவிடும். வயித்துக்கு வந்தா நெஞ்சுக்கு எதுக்கு டெஸ்ட் என்பார். அடுத்து வருபவர் தானாகவே ஸ்கேன் கேட்பார். இப்போது வேண்டாம் என்றால் அவருக்கும் வருத்தம். இரண்டு முடிவும் ஒரே கணக்கில் வருபவைதான். டாக்டரின் மனதில் ஓடும் அந்தக் கணக்கு வெளியே தெரிவதில்லை, கேட்டாலும் சொல்ல நேரம் இருப்பதில்லை. வடசென்னையில் பொது மருத்துவம் பார்க்கிறவன் என்ற முறையில் அதை வரிசையாக எழுதுகிறேன். இதை வைத்து நீங்களே மருந்து முடிவு செய்ய முடியாது. ஆனால் என்ன நடக்கிறது, எதைக் கேட்க வேண்டும் என்பது பிடிபடும்.

படி 1: நோயின் பெயர் அப்புறம், ஆபத்து முதலில்

வந்தவுடன் ஓடும் கேள்வி ‘இது என்ன நோய்?’ என்பதாக இருக்காது. ‘இவரை இன்றிரவு வீட்டுக்கு அனுப்பலாமா?’ என்பதுதான் முதல் கேள்வி.

நாற்பது வயதைத் தாண்டியவர், சர்க்கரை உண்டு, மேல் வயிற்றில் அழுத்தம், கொஞ்சம் வியர்வை. இது அல்சராகவும் இருக்கலாம், இதயத்தின் அடிச்சுவரில் வந்த மாரடைப்பாகவும் இருக்கலாம். அல்சரை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், மாரடைப்பு நாளை வரை காத்திருக்காது. எது அதிக வாய்ப்புள்ளது என்பதோடு எதைத் தவறவிட்டால் ஆள் போய்விடுவார் என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் ஐந்து நிமிட ஈ.சி.ஜி.

அதேபோல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பவைக்கும் சில அறிகுறிகள் உண்டு. ரத்த வாந்தி, தார் போலக் கருத்து ஒட்டும் நாற்றமான மலம், பலகை போல இறுகிய வயிறு, காமாலையோடு குளிர் நடுக்கக் காய்ச்சல், காமாலை வந்தவர் சம்பந்தமில்லாமல் பேசுவது அல்லது பகலெல்லாம் தூங்குவது. இளம் பெண்ணுக்கு அடிவயிற்றில் வலி என்றால் கர்ப்பப் பரிசோதனை கட்டாயம். கருக்குழாயில் தங்கிய கரு வயிற்று வலியாகத்தான் வரும். இரும்புச் சத்து மாத்திரையாலும் மலம் கருக்கும், ஆனால் அது தார் போல ஒட்டாது, அந்த நாற்றமும் இருக்காது. ஆகவே மாத்திரைச் சீட்டைக் காட்டச் சொல்வது சும்மா இல்லை.

ரத்தக் கசிவில் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், குடும்பத்தார் அதிகம் பதறும் இடம் அது. நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், ரத்த யூரியா, மயக்கம் வந்ததா, ஏற்கெனவே ஈரல் அல்லது இதய நோய் உண்டா என்று பார்த்து மதிப்பெண் போடுவார்கள். கிளாஸ்கோ-பிளாட்ச்ஃபோர்டு ஸ்கோர் என்று பெயர். 0 அல்லது 1 வந்தால் வீட்டிலிருந்தபடியே சிகிச்சை பெறலாம். அதற்கு மேல் என்றால் அட்மிஷன், பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் எண்டோஸ்கோபி, அதாவது வாய்வழியே கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது. ஈரல் சுருக்கத்தால் உணவுக்குழாயின் ரத்தக் குழாய் வெடித்திருக்கும் என்று தோன்றினால் 12 மணி நேரத்துக்குள்.

“ரத்தம் எட்டுதான் இருக்கு, ஏன் ஏத்த மாட்டேங்கறீங்க?” என்று வார்டில் சண்டை வருவதும் இங்கேதான். பெரும்பாலான நோயாளிகளுக்கு ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே போனால்தான் ரத்தம் ஏற்றுவது என்று வைத்திருக்கிறார்கள். 2013-ல் பார்சிலோனாவிலிருந்து வந்த ஆய்வில், இப்படிக் கையை இறுக்கிப் பிடித்து ஏற்றியவர்களே தாராளமாக ஏற்றியவர்களைவிட அதிகம் பிழைத்தார்கள். ஈரல் கெட்டவருக்கு ரத்தம் அதிகமாக ஏற்றினால் ஈரலுக்குப் போகும் ரத்தக் குழாயில் அழுத்தம் கூடி மறுபடி கசியும். இதய நோய் உள்ளவருக்கு மட்டும் எல்லையைக் கொஞ்சம் உயர்த்துவார்கள்.

படி 2: கேள்விகள், குறிப்பாகக் கூச்சமான கேள்விகள்

வலி எங்கே, எத்தனை நாளாக, சாப்பிட்டால் கூடுகிறதா குறைகிறதா, தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா. ஒவ்வொரு பதிலும் சில நோய்களை மேலே தள்ளும், சிலவற்றைக் கீழே இறக்கும். தூக்கத்தை எழுப்பும் வலியும், முயற்சி இல்லாமல் குறையும் எடையும், விழுங்கும்போது அடைப்பதும், புதிதாக வந்த ரத்தசோகையும் இருந்தால் மாத்திரை கொடுத்துப் பார்ப்பது என்ற பேச்சே கிடையாது. நேராக எண்டோஸ்கோபி. இவை எதுவும் இல்லாத இளம் வயதுக்காரருக்கு முதலில் வயிற்றில் புண் உண்டாக்கும் எச்.பைலோரி கிருமிக்கு மலப் பரிசோதனையோ மூச்சுப் பரிசோதனையோ போதும். அதற்கு இரண்டு வாரம் முன்பே அமில மாத்திரையை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று வரும். மெடிக்கலில் தானாக வாங்கிச் சாப்பிடும் மாத்திரையை டாக்டரிடம் மறைப்பதால் கெடும் முதல் டெஸ்ட் இதுதான்.

அப்புறம் குடி. “குடிப்பீங்களா?” என்று கேட்டால் எங்கள் பக்கம் வரும் பதில் ஒன்றே: “எப்பனா தான் சார்.” அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. பேச்சு இப்படிப் போனால்தான் விஷயம் வரும்:

“எப்பனா வாங்கினா குவார்ட்டராண்ணே, ஆஃபா?”

“குவார்ட்டர்தான் சார்.”

“வாரத்துல எத்தினி நாள்?”

“ஞாயித்துக்கெழம விட மாட்டேன். மத்தபடி லோடு எறக்கினா ஒடம்பு வலிக்குதுல்ல…”

“அப்ப டெய்லின்னு எழுதிக்கவா?”

சிரிப்பார். எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

இதில் கணக்கு இருக்கிறது. குவார்ட்டர் என்பது 180 மி.லி, அதில் ஆல்கஹால் 42.8 சதவீதம். சுத்த ஆல்கஹாலாகப் பார்த்தால் ஏறக்குறைய 60 கிராம். ஈரல் கொழுப்பை வகைப்படுத்தும்போது ஆணுக்கு நாளொன்றுக்கு 30 கிராம் வரை என்றால் உடல் பருமன், சர்க்கரை வகை. 60-ஐத் தாண்டினால் குடியால் வந்த ஈரல் நோய். நடுவில் இருப்பது இரண்டும் கலந்தது. பெண்களுக்கு 20, 50. தினம் ஒரு குவார்ட்டர் என்றால் ஆள் அந்த 60 கிராம் கோட்டின் மேலேயே நிற்கிறார். பீர் மட்டும்தான் என்பவருக்கும் கணக்கு உண்டு: 650 மி.லி பாட்டில், 5 சதவீதம் என்றால் 25 கிராம் சொச்சம். கேட்பது புத்தி சொல்வதற்காக இல்லை. இந்த எண் மாறினால் ரிப்போர்ட்டைப் படிக்கும் விதமே மாறும்.

நாட்டு மருந்து, ஜிம் பவுடர், வலி மாத்திரை, காசநோய் மருந்து எல்லாமே ஈரலைப் பாதிக்கக்கூடும். பையோடு கொண்டுவந்து மேசையில் கொட்டுங்கள்.

படி 3: ஏரியா, சீசன், வயது

ஒரே மஞ்சள் கண், ஆளையும் மாதத்தையும் பொறுத்து வேறு வேறு நோய். டெஸ்ட் எழுதுவதற்கு முன்பே டாக்டர் மனதில் ஒரு வரிசை போட்டுவிடுகிறார்.

ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் தெருவில் தண்ணீர் நின்று வடிந்திருக்கிறது, குடிதண்ணீரில் சாக்கடை வாடை வருகிறது என்கிறார்கள். பள்ளிப் பிள்ளைக்குக் காமாலை என்றால் ஹெபடைட்டிஸ் ஏ முன்னால் வரும், பெரியவர்களுக்கு ஈ. இரண்டும் தண்ணீர் வழியாகப் பரவுபவை, பெரும்பாலும் தானாகவே போய்விடுபவை. ஆனால் கர்ப்பிணிக்கு, அதிலும் கடைசி மூன்று மாதத்தில், ஹெபடைட்டிஸ் ஈ உயிரைக் குடிக்கும். தெருவில் நூறு பேருக்கு ‘ரெஸ்ட் எடுங்க’ என்பவர் கர்ப்பிணியை மட்டும் அன்றே ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்வது இதனால்தான்.

அதே மழை முடிந்த வாரத்தில், தேங்கிய தண்ணீரில் வெறுங்காலோடு வேலை செய்த ஒருவர் காய்ச்சல், கெண்டைக்கால் பிடுங்கும் வலி, சிவந்த கண் என்று வருகிறார். காமாலையும் உண்டு. எலிக்காய்ச்சல் வரிசையில் முதலில் ஏறிவிடும். இங்கே பிலிருபின் (ரத்தத்தில் சேரும் மஞ்சள் நிறமி) எக்கச்சக்கமாக ஏறியும் எஸ்.ஜி.பி.டி (ஈரல் செல் உடைந்தால் ரத்தத்தில் ஏறும் என்சைம்) கொஞ்சமாகத்தான் ஏறியிருக்கும், சிறுநீரகமும் அடிவாங்கியிருக்கும். சந்தேகம் வலுவாக இருந்தால் ரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் ஆன்டிபயாட்டிக் ஆரம்பித்துவிடுவார்கள்.

தினம் குடிப்பவர், காய்ச்சல், வலது விலாவுக்கடியில் தொட்டாலே வலி என்றால் ஈரலில் அமீபாச் சீழ்க்கட்டி. அறுபது வயதுக்காரர், வலியே இல்லாத காமாலை, உடம்பெல்லாம் அரிப்பு, எடை குறைவு என்றால் பித்தநாளத்தை எதுவோ அழுத்துகிறது; கணையத் தலையில் கட்டி இல்லை என்று உறுதியாகும்வரை விட முடியாது.

கீழாநெல்லியைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். ‘அரைச்சுக் குடிச்சேன், பத்து நாள்ல எறங்கிடுச்சு’ என்பவர் பொய் சொல்லவில்லை. ஏ, ஈ வகைக் காமாலை எதுவும் குடிக்காவிட்டாலும் பெரும்பாலும் இறங்கத்தான் செய்யும். அதே நம்பிக்கையில் கணையக் கட்டிக்காரர் இரண்டு மாதம் பத்தியமிருந்துவிட்டு வருவதுதான் பிரச்சினை. காமாலையின் வகை தெரியும்வரை எந்த மூலிகையும் வேண்டாம் என்பது என் கட்சி.

படி 4: கை வைத்துப் பார்ப்பது

கண்ணைப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பார்கள். டியூப்லைட்டில் லேசான மஞ்சள் தெரியாது. கையை நீட்டி மணிக்கட்டை மேலே மடக்கச் சொல்வார்கள். கை படபடவென்று விழுந்து எழுந்தால் ஈரல் கோளாறு மூளையைத் தொட்டுவிட்டது என்று சந்தேகம். மார்பில் சிலந்தி போல ரத்தக் குழாய்கள், சிவந்த உள்ளங்கை, கால் வீக்கம், பக்கவாட்டில் தட்டினால் தண்ணீர்ச் சத்தம் இவையெல்லாம் ஈரல் நோய் பழையது என்று சொல்பவை. ஆசனவாயில் விரல் விட்டுப் பார்ப்பதைப் பலர் மறுத்துவிடுகிறார்கள். கருப்பு மலமா, கட்டியா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும் பரிசோதனை அது.

படி 5: டெஸ்ட் எழுதுவதும் படிப்பதும்

ஒவ்வொரு டெஸ்டுக்கும் முன்னால் டாக்டர் தன்னையே கேட்க வேண்டியது: ‘இது பாசிட்டிவ் என்றால் என்ன செய்வேன், நெகட்டிவ் என்றால் என்ன செய்வேன்?’ இரண்டுக்கும் பதில் ஒன்றே என்றால் டெஸ்ட் வேண்டாம். நீங்களும் இதைத் தாராளமாகக் கேட்கலாம். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எல்.எஃப்.டி என்று எழுதித் தரும் ஈரல் ரத்தப் பரிசோதனையை எடுத்துக்கொள்வோம். மூன்று ரிப்போர்ட், மூன்றும் உதாரணத்துக்காக நான் போட்டவை.

முதலாவது, 24 வயது இளைஞர். பிலிருபின் 8, எஸ்.ஜி.பி.டி 1,850, பித்தம் அடைபட்டால் ஏறும் அல்கலைன் பாஸ்பட்டேஸ் 160. எஸ்.ஜி.பி.டி-யை அதன் இயல்பான உச்ச அளவான 40-ஆல் வகுத்தால் 46. பாஸ்பட்டேஸை அதன் உச்ச அளவான 120-ஆல் வகுத்தால் 1.3. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 35 வருகிறது. 5-க்கு மேல் போனால் ஈரல் செல்லிலேயே அடி; 2-க்குக் கீழ் என்றால் பித்தம் வடிவதில் தடை; நடுவில் வந்தால் இரண்டும். இவருக்கு வைரஸ் டெஸ்ட், மாத்திரை விசாரணை.

இரண்டாவது, 61 வயதுக்காரர். பிலிருபின் 14, எஸ்.ஜி.பி.டி 90, பாஸ்பட்டேஸ் 620. அதே கணக்குப் போட்டால் 0.4 சொச்சம். வைரஸ் டெஸ்டில் காசை விரயம் செய்யாமல் அல்ட்ராசவுண்டு எடுக்க வேண்டும். பித்தநாளம் விரிந்திருக்கிறதா என்பதே அடுத்த கேள்வி. விரிந்திருந்தால் கல்லா கட்டியா என்று பார்க்க எம்.ஆர்.சி.பி (பித்தநாளத்துக்கான எம்.ஆர்.ஐ ஸ்கேன்) அல்லது சி.டி. கல் என்று உறுதியானால் வாய்வழிக் குழாய் விட்டு எடுக்கும் ஈ.ஆர்.சி.பி.

மூன்றாவது, எஸ்.ஜி.ஓ.டி (இதுவும் எஸ்.ஜி.பி.டி போன்ற என்சைம்தான்) 180, எஸ்.ஜி.பி.டி 70. ஓ.டி, பி.டி-யைவிட இரண்டு மடங்குக்கு மேல். நம் குவார்ட்டர் அண்ணன்.

பலரும் ரிப்போர்ட்டில் எஸ்.ஜி.பி.டி-யையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அது ஈரல் செல் உடைவதைக் காட்டுகிறதே தவிர, ஈரல் எவ்வளவு வேலை செய்கிறது என்பதைக் காட்டாது. வேலையைக் காட்டுவது ஐ.என்.ஆர், அதாவது ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்ற அளவு; கூடினால் உறைவது தாமதம். உறைவதற்கான பொருட்களை ஈரல்தான் தயாரிக்கிறது. 1,850-ல் இருந்த எஸ்.ஜி.பி.டி நான்கே நாளில் 300-க்கு வந்தது என்று வீட்டில் நிம்மதிப் பெருமூச்சு விடுவார்கள். அதே நான்கு நாளில் ஐ.என்.ஆர் 1.2-லிருந்து 2.4-க்குப் போயிருந்தால் உடைவதற்குச் செல்லே மிச்சமில்லை என்றும் அர்த்தமாகலாம். 1.5-ஐத் தாண்டி மயக்கக் குழப்பமும் சேர்ந்தால் அது ஈரல் செயலிழப்பு, மாற்று அறுவை செய்யும் மையத்துக்குப் போன் போக வேண்டிய நேரம். வைட்டமின் கே ஊசி போட்டு ஐ.என்.ஆர் சரியானால் கோளாறு பித்த அடைப்பில். சரியாகாவிட்டால் ஈரல் செல்லிலேயே. மலிவான ஊசி, விலைமதிப்பான பதில்.

படி 6: உறுதி கிடைக்காதபோது

எல்லா டெஸ்டும் எடுத்த பிறகும் சந்தேகம் தீராத நோய்கள் உண்டு. நம் நாட்டில் அதற்குப் பெரிய உதாரணம் குடல் காசநோயா, கிரோன் நோயா (கிருமியில்லாமல் குடலில் நாள்பட்டு வரும் அழற்சி) என்பது. இரண்டுமே வலது அடிவயிற்றில், சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடத்தில் உட்காரும். இரண்டிலும் வலி, எடை குறைவு, புண், குறுகல். கொலோனோஸ்கோபியில் (ஆசனவாய் வழியே பெருங்குடலில் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) சதை எடுத்துப் பார்த்தாலும் பல நேரம் கிருமி கிடைக்காது.

ஓட்டேரியில் காசநோய்க்கென்றே ஆஸ்பத்திரி வைத்திருக்கும் ஊர் இது; காசநோயின் வாய்ப்பை யாரும் குறைத்து மதிப்பிட முடியாது. கிரோன் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்து, உண்மையில் காசநோயாக இருந்தால் கிருமி உடம்பெங்கும் பரவலாம். காசநோய் என்று நினைத்து மருந்து கொடுத்து, உண்மையில் கிரோனாக இருந்தால் சிகிச்சை சில வாரம் தள்ளிப்போகும், ஈரலுக்கும் கொஞ்சம் ஆபத்து. எந்தத் தவறு மலிவு என்று தராசில் போட்டுப் பார்த்தால் தட்டு ஒரு பக்கம் இறங்கிவிடும். ஆகவே காசநோய் மருந்து ஆரம்பித்து, இரண்டு மாதத்தில் மறுபடி கொலோனோஸ்கோபி. ‘நல்லா இருக்கேன் சார்’ என்பது மட்டும் போதாது, புண் ஆறியிருக்க வேண்டும். ஆறாவிட்டால் கிரோன், அல்லது மருந்துக்கு அடங்காத காசநோய். இரண்டாம் கொலோனோஸ்கோபிக்கு வராமல் நின்றுவிடுகிறவர்கள் நிறைய. அதற்காகத்தானே இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டது!

படி 7: எவ்வளவு முற்றியிருக்கிறது

‘கிரேடு 1 ஃபேட்டி லிவர்’ என்ற ஸ்கேன் வரியைப் பார்த்துப் பயந்து வருபவர்கள்தான் இப்போது அதிகம். கொழுப்பு இருப்பதைவிடத் தழும்பு விழுந்திருக்கிறதா என்பதே முக்கியம். அதற்கு ஃபிப்-4 என்ற கணக்கை மொபைல் கால்குலேட்டரிலேயே போடலாம். வயதை எஸ்.ஜி.ஓ.டி-யால் பெருக்க வேண்டும். பிளேட்லெட்டை (2.5 லட்சம் என்றால் 250 என்று எடுத்துக்கொள்ளவும்) எஸ்.ஜி.பி.டி-யின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். முதலாவதை இரண்டாவதால் வகுக்க வேண்டும்.

வயது 40, ஓ.டி 30, பி.டி 36, பிளேட்லெட் 2.5 லட்சம்: 1,200-ஐ 1,500-ஆல் வகுத்தால் 0.8. தழும்பு இருக்க வாய்ப்புக் குறைவு; எடையை 7 முதல் 10 சதவீதம் குறைத்து, சர்க்கரையைக் கட்டுப்படுத்தினால் போதும். வயது 52, ஓ.டி 68, பி.டி 49, பிளேட்லெட் 1.45 லட்சம்: 3,536-ஐ 1,015-ஆல் வகுத்தால் 3.5 வருகிறது. ஸ்கேனில் இவருக்கும் ‘கிரேடு 1’ என்றே போட்டிருக்கலாம். 1.3-க்குக் கீழே பயமில்லை, 2.67-க்கு மேலே ஈரல் நிபுணர், நடுவில் ஃபைப்ரோஸ்கேன், அதாவது ஈரலின் இறுக்கத்தை அளக்கும் ஸ்கேன். 65 வயதுக்கு மேல் கீழ் எல்லை 2.

ஈரல் சுருங்கிவிட்டது என்று உறுதியானவருக்கு சைல்ட்-பியூ மதிப்பெண் போடுவார்கள். பிலிருபின், ஆல்புமின், ஐ.என்.ஆர், வயிற்று நீர், மூளைக் குழப்பம் என்று ஐந்து. 5, 6 என்றால் ஏ. 7 முதல் 9 வரை பி. 10 முதல் 15 வரை சி; ஏ லேசானது, சி முற்றியது. மெல்டு என்ற இன்னொரு கணக்கு 15-ஐத் தொட்டால் மாற்று அறுவை பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள்.

வயிற்றில் நீர் சேர்ந்தவருக்கு ஊசி வைத்து அந்த நீரைக் கொஞ்சம் எடுத்துப் பார்க்காமல் அட்மிஷன் முழுமையாகாது. ஒரு மைக்ரோலிட்டரில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் 250-ஐத் தொட்டால் நீரில் கிருமி. கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் முடிவு வரும்வரை காத்திராமல் ஆன்டிபயாட்டிக். ஊசி போட்டா நோய் முத்திடும் என்ற பயம் காசிமேட்டில் இன்னும் இருக்கிறது. முற்றிய பிறகு வருபவர்களைத்தான் ஊசி போடும்போது எல்லோரும் பார்த்திருக்கிறார்கள், அதனால் வந்த பயம்.

அதே காசிமேட்டுக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி கருவாடு. வயிற்று நீருக்கு உப்பு நாளொன்றுக்கு 5 கிராம், ஒரு டீஸ்பூன் அளவு. நீர் மாத்திரை கேட்கவில்லை என்று மாத்திரையைக் கூட்டுவதற்கு முன், சட்டியில் என்ன வேகிறது என்று விசாரிப்பது நல்லது. கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றையும் நிறுத்த வேண்டும். மீனை நிறுத்த வேண்டாம். ஈரல் நோயாளிக்கு மீன், முட்டை, பருப்பு கூடாது என்று கஞ்சியோடு வைத்திருந்தால் தசை கரைந்து ஆள் இன்னும் நலிந்துபோவார். படுக்கும் முன் சிறிதாக ஏதாவது சாப்பிடச் சொல்வதும் அதற்காகவே.

படி 8: எங்கே பார்ப்பது

சிகிச்சை முடிவில் வீட்டு நிலவரமும் ஓர் அங்கம். கடலுக்குப் போனால் பல நாள் கழித்துத் திரும்புகிறவருக்கு வாரம் ஒரு ரத்தப் பரிசோதனை தேவைப்படும் மருந்தை எழுதிப் பயனில்லை. எண்டோஸ்கோபியும் அட்மிஷனும் தேவைப்பட்டால் எங்கள் பக்கத்துக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. குடல், ஈரலுக்குத் தனிப் பிரிவுகளும், ஈரல் மாற்று அறுவையும் உண்டு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஹெபடைட்டிஸ் பி, சி இரண்டுக்கும் 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சி பெரும்பாலானவர்களுக்கு 12 வார மாத்திரையில் போய்விடும். பி பாசிட்டிவ் என்றதும் எல்லோருக்கும் மருந்து கிடையாது. வைரஸ் எண்ணிக்கை, எஸ்.ஜி.பி.டி, தழும்பு பார்த்தே முடிவு. மருந்து இல்லை என்றால் விட்டுவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

படி 9: நிறுத்துவதும் திரும்பப் பார்ப்பதும்

வருடக்கணக்கில் வயிறு இறுக்கி, போய்விட்டு வந்தால் வலி குறைந்து, சில நாள் மலச்சிக்கல், சில நாள் பேதி. எடை குறையவில்லை, ரத்தமில்லை, இரவில் எழுப்பவில்லை. ரத்தப் பரிசோதனை சரி, மலத்தில் குடல் அழற்சியைக் காட்டும் கால்ப்ரொடெக்டின் 50-க்குக் கீழ். இது எரிச்சல் குடல் (ஐ.பி.எஸ்). இங்கே டாக்டரின் முடிவு, இனி டெஸ்ட் வேண்டாம் என்பது. மூன்றாவது சி.டி-யில் எதாவது ஒரு சின்னப் புள்ளி தெரிந்து, அதைத் துரத்திக்கொண்டு போனால் வலி குறையாது. வலியே தராத பித்தப்பைக் கல்லை வெட்டாமல் விடுவதும் பெரும்பாலும் இதே கணக்கில்தான்.

சரி, மறுபடி எப்போது வருவது? தேதியோடு சேர்த்து, ‘அதற்கு முன்னால் எது நடந்தால் ஓடிவர வேண்டும்’ என்பதையும் சீட்டின் பின்புறம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காமாலைக்காரர் என்றால் தூக்கக் குழப்பம், ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம். வயிற்று நீர்க்காரர் என்றால் காய்ச்சல், வயிற்று வலி, சிறுநீர் குறைவது, இரண்டு நாள் மலம் போகாதது. அல்சருக்கு மாத்திரை வாங்கியவர் என்றால் கருப்பு மலம், எழுந்தால் தலைசுற்றல். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஆட்டோ பிடிப்பதா, காலைவரை பார்ப்பதா என்று வீட்டில் பேச்சு வரும்போது அந்தச் சீட்டு கையில் இருக்க வேண்டும்.